போர்தோப் பேராசிரியர் மில்லார்தே

கனிமரம் வளர்ப்போர்க்குக் கள்வரினும் கொடிய பகை பூசணமாகும். கள்வன் கைக்கெட்டிய கனிகளைக் கொண்டு ஏகுவான். பூசணமோ இலையையும் கனியையும் ஒருங்கே கெடுத்து, மறு ஆண்டிற் காய்க்க வேண்டிய மொட்டினையும் நலியச் செய்துவிடும். 1973-ஆம் ஆண்டிற் காஷ்மீரப் பள்ளத்தாக்கின் ஆப்பிள் தோட்டங்களிற் சொறிநோய் பெருவாரியாகப் பரவிய போது, ஒரு பருவத்தின் உழைப்பு முழுதும் கரும்புள்ளி படிந்து வெடித்த காய்களாய் நின்றதை அந்நாட்டார் இன்றும் மறந்திலர். இந்நோயைத் தடுக்க இக்காலத்தில் மருந்துகள் பல உள. அவற்றுள் நூறாண்டுகளுக்கு மேலாக வழங்கி வருவதொன்று, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கூட்டிய நீல நீர். நம் நாட்டு உழவரும் அதனைப் போர்டோக் கலவை என்று பெயர் சொல்லி வாங்கவும் கலக்கவும் அறிவர். போர்தோ என்பது பிரான்சு தேசத்து மேற்குக் கரையை அடுத்ததொரு நகரம். நகரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. அந்நீரை உலகிற்கு ஈந்த பேராசிரியரின் பெயரோ தாவரநூல் பயில்வோரிடையிலும் அருகியே வழங்குகின்றது. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பியேர் மாரி அலெக்சிஸ் மில்லார்தே 1838-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 13-ஆம் நாள், பிரான்சின் கீழ்பாலுள்ள ஜூரா மாகாணத்து மோன்மிரே-லா-வீல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையில் தாவரநூலின்பால் எழுந்த பற்று அவரை எல்லை கடத்தி ஜெர்மனிக்கு ஈர்த்தது. ஐடல்பர்க்கு, பிரைபர்க்கு என்னும் சர்வகலாசாலைகளில் அவர் பயின்றார். அக்காலத்துப் பிரைபர்க்கில் ஆசிரியராய் வீற்றிருந்தவர் அன்டன் டிபாரி. பயிர் அழுகியபின் அவ்வழுகலிலிருந்து பூசணம் தானே தோன்றுகின்றது எனக் கற்றோர் பலரும் கருதியிருந்த நாளில், பூசணமே நோய்க்குக் காரணம், அதுவும் வித்திலிருந்து முளைக்கும் ஓர் உயிரே என உருளைக்கிழங்கு நோயைக் கொண்டு 1861-இல் ஐயந்திரிபற நிறுவிய பெரியார் அவர். நீர்த்துளியில் ஒரு வித்து வெடித்துப் பல நுண்ணுயிர்களாய்ப் பிரிந்து, வாலசைத்து நீந்திச் சென்று இலையினுட் புகும் காட்சியை உருப்பெருக்கியிற் காட்டித் தந்த ஆசானிடம் மில்லார்தே கற்ற பாடம் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

1869-இல் ஸ்திராஸ்பூர் நகரில் தாவரநூற் பேராசிரியராக அமர்ந்தார். மறு ஆண்டே போர் மூண்டது. நகரம் முற்றுகையுண்டு ஜெர்மானியர் வசமாயிற்று. பிரெஞ்சுக் கலாசாலை நான்சி நகருக்குப் பெயர்ந்தது. 1872-இல் மில்லார்தேயும் அங்கே ஆசிரியப்பணி ஏற்றார். அதே ஆண்டில், மாணவர் விட்டு நீங்கிய ஸ்திராஸ்பூரில் ஜெர்மானியர் நிறுவிய புதிய சர்வகலாசாலைக்குத் தலைவராய் வந்து சேர்ந்தவர் அவர்தம் ஆசான் டிபாரியே. நாடுகள் பகைத்து நின்றவிடத்தும் ஆசிரியர் தந்த கல்வி மாணவரை விட்டு அகலவில்லை.

அந்நாளிற் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேறொரு கேடு தின்றுகொண்டிருந்தது. பைலாக்சிரா என்னும் நுண்பூச்சி அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து, கொடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சிற்று. 1868-இற் பிளான்ஷோன் என்னும் அறிஞர் முதலானோர் அதனை இன்னதென்று கண்டனர்; காண்பது எளிதாயிற்றேயன்றி ஒழிப்பது எளிதாகவில்லை. 1874-இற் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் இதனை ஆராயும் பணியை மில்லார்தேயிடம் ஒப்புவித்தது. 1876-இல் அவர் போர்தோ நகரத்துப் பேராசிரியரானார். தம் எஞ்சிய வாழ்நாளை அந்நகரிலேயே கழித்தார். பூச்சியைக் கொல்லும் மருந்தைத் தேடுவதினும் பூச்சிக்கு அஞ்சாத வேரைத் தேடுவது நன்று என்னும் கொள்கையினர் அவர். அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் அப்பூச்சியோடு நெடுங்காலம் பழகி அதன் கடியைத் தாங்க வல்லது. அவ்வேரின்மீது பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினால் தோட்டம் பிழைக்கும். இவ்வழியைக் கண்டவர் அவர் ஒருவரல்லர். எனினும் எந்த மண்ணுக்கு எந்த வேர் பொருந்தும் என்பதைப் பொறுமையுடன் ஆராய்ந்தோருள் அவர் தலைசிறந்தவர்.

அமெரிக்காவிலிருந்து வேர்ச்செடிகள் கப்பல் கப்பலாய் வந்தன. மருந்தோடு புதியதொரு நோயும் உடன்வந்தது. 1878-இற் பிரான்சின் திராட்சை இலைகளின் அடிப்புறத்தில் வெண்பஞ்சு போன்றதொரு பூசணம் காணப்பட்டது. நம்மவர் இதனை அடிச்சாம்பல் நோய் என்பர். இதற்கு முன்னரே வந்திருந்த மேற்சாம்பல் நோயைக் கந்தகப் பொடி தூவி அடக்கப் பழகியிருந்த உழவர், இதற்கும் அதனையே தூவினர், பயனில்லை. மேற்சாம்பல் இலையின் புறத்தே படர்வது. அடிச்சாம்பலோ இலைத்துளை வழியே உட்புகுந்து அகத்தே வளர்வது. அகத்தே சென்றபின் புறத்தே எதனைத் தூவினும் அது தப்பிவிடும். இலைகள் கோடையிலேயே உதிர்ந்தன. கனி இனிப்பேறாமல் நின்றது. ஒரு பெருங்கேட்டிலிருந்து தலைதூக்கத் தொடங்கிய குடிகள் மறு கேட்டில் வீழ்ந்தனர்.

மில்லார்தே நோயின் பிறப்பு வளர்ப்பை ஆராயத் தொடங்கினார். அவர் கண்ட தலையாய உண்மை இது: இந்நோய் வந்தபின் தீர்ப்பதன்று, வருமுன் காப்பதே இயலும், ஆதலின் வித்து வந்து வீழுமுன்னரே அது முளையாதபடி தடுக்கும் ஒரு பொருள் இலையின்மீது காத்து நிற்றல் வேண்டும். அப்பொருள் யாது என்பதே அவர் அறியாதிருந்தது.

1882-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் இறுதியில், போர்தோவுக்கு வடக்கே மெதோக் நாட்டுச் சேன் ஜூலியேன் என்னும் ஊரின் திராட்சைத் தோட்டங்களிடையே அவர் நடந்து சென்றார். தோட்டம் முழுதும் கொடிகள் இலையுதிர்ந்து வெறுங்கோலாய் நிற்க, வழியோரத்து வரிசைகள் மட்டும் பசுமை மாறாமல் நிற்பதைக் கண்டார். அணுகிப் பார்க்க, அவ்விலைகளின்மேல் நீலமும் வெண்மையும் கலந்த ஏதோ ஒன்று தெறித்துக் காய்ந்திருந்தது. தோட்டத்து மேற்பார்வையாளரை வினவினார். வழிப்போக்கரும் சிறுவரும் கனி பறித்துச் செல்வதைத் தடுக்க, அவ்வூரார் வழியோரக் கொடிகளின்மேற் செம்புக் களிம்பையோ, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீரையோ தெளித்து, நஞ்சிட்டது போலத் தோற்றுவிப்பது வழக்கமென்று விடை கிடைத்தது.

இந்நிகழ்ச்சியைத் தற்செயலென்று கூறிவிடுவோர் உளர். எமக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. அவ்வழியே அந்த ஆண்டில் நடந்தோர் ஆயிரவர். கொடியை நட்டவரும் கனியைத் திருடியவரும் நாள்தோறும் அதனைக் கண்டனர். நீர்த்துளியில் நீந்தும் வித்தை உருப்பெருக்கியில் ஆண்டுக்கணக்கிற் பார்த்துப் பழகிய கண்ணுக்கே அந்த நீலக்கறை பொருளுடையதாயிற்று. மேலும், அவர்தம் இல்லத்துக் கிணற்று நீரிற் பூசண வித்துக்கள் முளைக்க மறுத்தமையும், அக்கிணற்றின் பழைய செம்புக் குழாயிலிருந்து இறங்கிய மிகச் சிறிதளவு செம்பே அதற்குக் காரணமென அறிந்தமையும் அவருடைய ஆராய்ச்சியிற் சேர்ந்தன. செம்புக்குப் பூசணம் அஞ்சும் என்பது முற்றும் புதிய செய்தியுமன்று. 1807-இலேயே பெனெதிக் பிரேவோ என்பார், செம்புப் பாத்திரத்திற் காய்ச்சிய நீரிற் கோதுமைக் கரிப்பூட்டை நோயின் வித்து முளையாமையைக் கண்டு நூலெழுதினார். அக்காலத்து அறிஞர் அதனைப் போற்றாது விட்டனர். முக்கால் நூற்றாண்டு வீணே கழிந்தது.

கண்ட அன்றே மில்லார்தே பறைசாற்றவில்லை. உடன் ஆசிரியராகிய இரசாயன அறிஞர் யுலீஸ் கையோன் என்பாரைத் துணைக்கொண்டு, எவ்வுப்பு எவ்வளவிற் பயன்படும் என ஆராய்ந்தார். தனி மயில்துத்த நீர் இலையைக் கருக்கும். சுண்ணாம்பு சேர்ந்தாலோ அதன் கடுமை தணிந்து, மழைக்கு எளிதிற் கரையாமல் இலையோடு ஒட்டிக்கொள்ளும். மழையும் பனியும் அதிலிருந்து சிறுகச் சிறுகச் செம்பை விடுவிக்க, இலைமேல் நிற்கும் ஒவ்வொரு நீர்த்துளியும் வித்துக்கு நஞ்சாகும். இவ்வாறு கள்வர்க்கு வெறுந்தோற்றமாய் இருந்த நஞ்சு பூசணத்திற்கு மெய்யாகவே நஞ்சாயிற்று. மெதோக் நாட்டில் ஜான்ஸ்டன் என்பாருடைய தோட்டங்களை மேற்பார்த்த எர்னஸ்ட் தாவிது, பேராசிரியர் சொற்படி தம் தோட்டங்களிலேயே சோதனைகளை நடத்தினார்.

1885-இல் மில்லார்தே தம் முறையை வெளியிட்டார். 100 லிட்டர் நீரில் 8 கிலோ மயில்துத்தம். வேறொரு கலத்தில் 30 லிட்டர் நீரிற் 15 கிலோ சுட்ட சுண்ணாம்பு நீற்றிய பால். இரண்டையும் கூட்டினால் நீலக்கூழ். தொழிலாளி ஒரு கையிற் கலத்தையும் மறுகையிற் சிறு துடைப்பத்தையும் ஏந்தி, கனியின்மேற் படாமல் இலையின்மேல் தெளித்துச் செல்ல வேண்டும். ஆயிரம் கொடிக்கு 50 லிட்டர் போதுமானது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், தெளித்த வரிசைகள் பசுமையாயும் தெளியாத வரிசைகள் வெறுங்குச்சியாயும் அருகருகே நின்றன. படிப்பறியாத குடியானவனுக்கும் வேறு சான்று தேவைப்படவில்லை. சில ஆண்டுகளுள் மருந்தின் அளவு பெரிதும் குறைக்கப்பட்டது. துடைப்பத்தின் இடத்தை முதுகிற் சுமக்கும் தெளிப்பான் பிடித்தது. இந்நாளில் நம்மவர் 100 லிட்டருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ எனக் கலக்கின்றனர். துருவற்ற கத்தியொன்றை அதில் நனைத்து, அதன்மேற் செம்பு படிந்தாற் சுண்ணாம்பு போதாது என்று அறிந்து இன்னும் சிறிது சேர்ப்பர்.

ஆயினும் குடிகளுக்கு அச்சமொன்று இருந்தது. செம்புக் களிம்பு நஞ்சென்று அறியாதார் இல்லை. அதனைத் தெளித்த கொடியின் சாற்றை மாந்துவோர் கதி என்னாகும்? இவ்வச்சம் பரவியிருந்தால் மருந்தும் அதனை நம்பிய தோட்டங்களும் ஒருங்கே அழிந்திருக்கும். மில்லார்தேயும் கையோனும் அச்சத்தை இகழாது சோதனையால் விடையிறுத்தனர். சாறு புளித்துப் பொங்கும்போது செம்பு பெரும்பாலும் வண்டலோடு அடியிற் படிந்துவிடுகின்றது, தெளிந்த மதுவில் எஞ்சுவது மிகமிகச் சிறிது என்று அளந்து காட்டினர்.

புகழ் வந்த இடத்திற் போட்டியும் வந்தது. பர்கண்டி நாட்டில் மயில்துத்த நீரில் ஊறவைத்த கழிகளைக் கொடிக்கு ஊன்றியோர், அக்கழியருகே இலைகள் நோயின்றி இருந்தமையைத் தாமும் கண்டதாக உரைத்தனர். இத்தாலியர் சுண்ணாம்புப் பாலை மட்டுமே தெளித்துப் பயன் கண்டதாகக் கூறினர். முதன்மை யாருக்கு என்னும் வழக்கில் மில்லார்தேயும் ஈடுபட நேர்ந்தது. அவ்வழக்கை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. சேன் ஜூலியேன் வழியோரத்து வழக்கத்தைத் தம் கட்டுரையில் மறையாது எழுதி, தமக்கு வழிகாட்டியது குடியானவரின் செயலே என்று அவர் உலகறியச் செய்தார் என்பதொன்றைக் குறித்தல் போதும்.

திராட்சைக்கென்று தோன்றிய நீலநீர் விரைவில் ஆப்பிள் தோட்டத்திற் புகுந்தது. ஆப்பிளின் சொறிப்பூசணம் அடிச்சாம்பலின் இனத்ததன்று, வாழ்முறையிலும் வேறுபட்டது. பனிக்காலம் முழுதும் அது மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சருகில் உறங்கும். வேனிலின் முதல் மழையில் விழித்து வித்துக்களை மேல்நோக்கி எறியும்; காற்று அவற்றை இளந்தளிரிற் சேர்க்கும். தளிர் போதிய நேரம் ஈரமாய் இருந்தாலே நோய் பற்றும். கார்னெல் சர்வகலாசாலையின் மில்ஸ் என்பார் 1944-இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 18 முதல் 24 பாகை வரையுள்ள வெப்பத்தில் ஏறத்தாழ ஒன்பது மணி நேர ஈரம் போதும். வருமுன் காப்பதே வழி என்னும் மில்லார்தேயின் கொள்கை இங்கும் பொருந்திற்று. 1880-களின் இறுதி முதல் அமெரிக்கத் தோட்டக்காரர் ஆப்பிளுக்குச் செம்பு நீர் தெளிக்கலாயினர்.

நோய் தணிந்தது, ஆனால் வேறொரு குறை தோன்றியது. ஈரமான வேனிலிற் செம்பு ஆப்பிளின் இளங்காயைச் சுட்டு, தோலைச் சொரசொரப்பாக்கிற்று. இலையும் மஞ்சளித்து உதிர்ந்தது. திராட்சை பிழியப்படுவது; அதன் தோலை நோக்குவார் இல்லை. ஆப்பிளோ தோலழகால் விலைபோவது. நியூயார்க்கு மாநிலத்து ஜெனீவா ஆராய்ச்சி நிலையத்தார் 1907-இல் இக்கேட்டை ஆராய்ந்து விரிவாக எழுதினர். மாற்று வேண்டிய தோட்டக்காரர்க்குச் சுண்ணாம்பையும் கந்தகத்தையும் சேர்த்துக் காய்ச்சிய செந்நீர் கிடைத்தது. அது கலிபோர்னியாவில் ஆடுகளின் சொறிக்கு மருந்தாயிருந்து, 1880-களிற் செதிற்பூச்சிக்கு எதிராகக் கனிமரத்துக்கு வந்தது. ஒன்று கள்வரை வெருட்டப் பிறந்தது, மற்றொன்று ஆட்டை நீராட்டப் பிறந்தது. தோட்டக்காரனின் மருந்துப்பெட்டி இத்தகைய பிறவிகளால் நிறைந்திருப்பது வியப்பே. இச்செந்நீர் மழை பெய்து வித்து முளைக்கத் தொடங்கிய பின்னரும் ஓரளவு தடுக்கவல்லது. இரசாயனப் புதுமருந்துகளை வேண்டாத தோட்டத்தார் இன்றும் இதனையும், பொட்டாசியம் பைகார்பனேட்டு என்னும் உப்பையும் மழையின் காலமறிந்து தெளிக்கின்றனர். இலையுதிர் காலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு யூரியாக் கரைசலை இலைமேல் தெளித்துச் சருகை விரைவில் மக்கச் செய்து, பூசணத்தின் உறைவிடத்தையே அழிப்பதும் உண்டு. செம்பை மொட்டு அவிழும் நிலையில் மட்டும், காய் தோன்றுமுன், சிறிதளவே இடுவர்.

செம்புக்கு வேறொரு குற்றமும் உண்டு. அது மில்லார்தே காலத்தில் எவரும் எண்ணாதது. செம்பு மக்குவதுமில்லை, ஆவியாவதுமில்லை. ஆண்டுதோறும் இட்டது ஆண்டுதோறும் மண்ணில் தங்கி, மண்புழுவையும் மண்ணின் நுண்ணுயிரையும் நலிகின்றது. நூறாண்டு தெளித்த ஐரோப்பியத் திராட்சை நிலங்களில் இச்சுமை மிகுந்துவிட்டது. ஏழு ஆண்டுகளில் ஒரு ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேற் செம்பு இடலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் வரையறுத்தது.

இக்குறையைக் காட்டி மில்லார்தேயைப் பழிப்பது முறையன்று. அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது செம்பிலன்று; கலப்பினத்தில். கிராசே பிரபுவுடன் சேர்ந்து, அமெரிக்கக் கொடியின் நோய்தாங்கும் ஆற்றலையும் ஐரோப்பியக் கொடியின் இயல்பையும் ஒரே செடியிற் கூட்ட அவர் ஆண்டுதோறும் மகரந்தம் மாற்றி விதை ஊன்றினார். பூச்சிக்கும் பூசணத்திற்கும் ஒருங்கே அஞ்சாத கொடியைப் பெறுவதே அவர் நாட்டம். அவர்தம் கலப்பினங்களுள் 41பி எனக் குறியிட்டதொன்று, சுண்ணாம்பு மிகுந்த வெண்மண்ணிலும் வெளிறாமல் நிற்பது. ஷாம்பேன் நாட்டுக் கொடிகள் பல இன்றும் அவ்வேரின்மேல் நிற்கின்றன. பூசணத்திற்கு அஞ்சாத நற்கனிக் கொடியோ அவர் காலத்திற் கைகூடவில்லை. நீலநீர் கைக்கெட்டிய விலையிற் கிடைத்தபின், பத்து இருபது ஆண்டு காத்திருக்கும் பொறுமை தோட்டக்காரர்க்கு இல்லாது போயிற்று. தம் ஒரு கண்டுபிடிப்பே தம் மற்றொரு முயற்சியைப் பின்னுக்குத் தள்ளியதை அவர் உயிரோடிருந்தே கண்டார்.

1902-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், அறுபத்து நான்கு ஆண்டு நிறைந்த இரண்டாம் நாளில், போர்தோ நகரில் மில்லார்தே காலமானார்.

அவர் விட்டுச்சென்ற கலப்பின வழியை ஆப்பிள் தோட்டத்திற் பிறர் மேற்கொண்டனர். 1914 முதல் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில், அழகுக்காக வளர்க்கும் சிறுகனி ஆப்பிள் மரமொன்றுடன் உண்ணும் ஆப்பிளைக் கலந்து பெற்ற வழித்தோன்றல்கள் சிலவற்றிற் சொறிநோய் பற்றாமை பின்னர்க் காணப்பட்டது. அமெரிக்கச் சர்வகலாசாலைகள் மூன்று 1945 முதல் ஒன்றுகூடி உழைத்து, பிரீமா என்னும் வகையை 1970-இல் வெளியிட்டன. மகரந்தம் மாற்றிய நாளுக்கும் கனி கைக்கு வந்த நாளுக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேற் கடந்தது. பின்னும் 1980-களில், ஜெர்மனியின் ஆரன்ஸ்பர்க்கு என்னுமிடத்தில், அம்மரங்களையும் பற்றவல்ல புதிய பூசண வகை தலைகாட்டியது. ஆகவே நோய்தாங்கும் ஆப்பிளை வளர்ப்போரும் வேனிலிற் சருகு வித்தெறியும் சில வாரங்களில் மட்டும் தெளிப்பானைத் தோளிலேற்றுகின்றனர். எஞ்சிய பருவம் முழுதும் அது கொட்டகையிலேயே கிடக்கின்றது.